வெறுந்தேநீரில் ஓடும் பிள்ளைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். பத்திரிகைக்காரன் என்றால் நம்மூரில் ஒரு மரியாதை உண்டு. முன்வரிசையில் ஒரு கதிரையைப் போட்டு, கையில் ஒரு குளிர்பானத்தையும் தந்து அமர்த்திவிடுவார்கள். அன்று பிரதம அதிதி வந்து சேரச் சுணங்கிவிட்டது. எட்டரை மணிக்குத் தொடங்க வேண்டிய விழா பத்து மணிக்குத்தான் தொடங்கியது. பாண்ட் வாத்தியம், அணிநடை, கொடியேற்றம், வரவேற்புரை, அதிதிகளின் உரைகள் எல்லாம் முடிந்து 800 மீற்றர் ஓட்டத்திற்குப் பிள்ளைகளை அழைத்தபோது நேரம் நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. கரையோர வெயிலைப் பற்றி இவ்வூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பையன் முதற்சுற்றில் எல்லோரையும் விட முன்னே ஓடினான். ஓட்டத்தில் ஓர் அழகு இருந்தது. பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என் தொடையில் தட்டி, “இவனப் பாருங்க” என்றார். இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் அவனது கால்கள் பின்னத் தொடங்கின. முடிவுக் கோட்டுக்கு நூறு மீற்றர் இருக்கையில் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே சரிந்து விழுந்தான். சாரணர் இருவர் தூக்கிவந்து கூடாரத்தில் கிடத்தினார்கள். யாரோ ஒருவர் அவன் உள்ளங்கையில் குளுக்கோஸ் மாவைக் கொட்டினார்.

அவன் எழுந்து உட்கார்ந்த பின்னர் மெல்ல அருகிற் சென்று கேட்டேன்.

“காலையில என்ன மகன் சாப்பிட்டீங்க?”

“சுபஹுக்குப் பொறகு பிளேன்டீ குடிச்சன் சேர்.”

“வேற?”

“வேற ஒண்டும் இல்ல.”

இரவு என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தேன். பாணும் சம்பலும். வாப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டேன். கரைவலை இழுப்பவர்.

அன்றிரவு நான் எழுதிய செய்தியில் முதலிடம் பெற்ற இல்லத்தின் பெயர் இருந்தது. பிரதம அதிதியின் பெயரும் பட்டங்களும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. சரிந்து விழுந்த பையன் அதில் இல்லை. இத்தனை ஆண்டுக்காலப் பத்திரிகை வாழ்வில் இப்படி எத்தனை விளையாட்டுச் செய்திகளை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். எதிலும் ஒரு பிள்ளை என்ன தின்றுவிட்டு ஓடியது என்பது இருந்ததில்லை. அந்தக் கடனை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, பொத்துவில் வரையான இக்கரையில் விளையாட்டுக்குக் குறைவில்லை. நிந்தவூர் கபடிக்குப் பெயர் போன ஊர். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் இல்லாத மாலைப்பொழுது எந்த ஊரிலும் இல்லை. அப்படியிருந்தும் பதினைந்து வயதில் நம்பிக்கை தந்த பிள்ளைகளிற் பலர் பதினெட்டு வயதில் காணாமற் போய்விடுகிறார்கள். காரணம் கேட்டால், ஓடுபாதை இல்லை, முள்சப்பாத்து இல்லை, பயிற்றுவிப்பாளர் இல்லை, தெரிவில் பாரபட்சம் என்று அடுக்குவோம். இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. நானே பல தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் சோறு என்ற சொல் ஏன் வருவதில்லை?

பி.ரி. உஷாவை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். 1984 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டி. ருமேனியாவின் கொஜோகாரு 55.41 செக்கன், உஷா 55.42 செக்கன். செக்கனின் நூறில் ஒரு பங்கினால் வெண்கலம் கைநழுவியது. (அதே ஓட்டத்தில்தான் மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில் வென்று, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதலாவது அரபுப் பெண் ஆனார்.) பல ஆண்டுகள் கழித்து, 2018 இல், உஷா ஒரு நேர்காணலில் மனந்திறந்து பேசினார். ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த அமெரிக்க உணவு எதுவும் தமக்குப் பழக்கமில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயோடு அரிசிக் கஞ்சியைக் குடித்தே ஓட நேர்ந்தது. கடைசி 35 மீற்றரில் உடலில் சக்தி இருக்கவில்லை என்றார். ஒரு தேசமே நாற்பது ஆண்டுகளாக அந்த நூறில் ஒரு செக்கனைப் பற்றிக் கவலைப்படுகிறது. அந்தக் கஞ்சிக் கோப்பையைப் பற்றி அன்று அவரோடு போன எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்மூர்ப் பிள்ளைகளின் கொழும்புப் பயணந்தான் நினைவுக்கு வந்தது. வலயம், மாகாணம் என்று வென்று தேசிய மட்டத்துக்குத் தெரிவான ஒரு பிள்ளை சுகததாச விளையாட்டரங்குக்கோ தியகமவுக்கோ போக வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். இரவு பஸ்ஸில் ஏறி, இடையில் எங்கோ நிறுத்தும் கடையில் இறங்கினால், இங்கே ஹலால் உணவு கிடைக்குமா என்ற தயக்கம். ஆசிரியருக்கும் தெரியாது. முடிவில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் பிளேன்டீயும். தங்குமிடத்திலும் அதே கதைதான். மறுநாள் காலை அந்த வயிற்றோடுதான், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வந்த கொழும்புப் பிள்ளையோடு பக்கத்துப் பாதையில் நிற்கிறது நமது பிள்ளை. பந்தயம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. ஒரு சமையற்காரரையும் இரண்டு பாத்திரங்களையும் கூடவே அனுப்பினால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது. ஆனால் குழுவோடு போகும் அதிகாரிகளுக்குத்தான் எப்போதும் இடம் போதாமல் இருக்கிறது.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? நான் வைத்தியனல்லன். வைத்தியர்களிடமும் விளையாட்டுத்துறை ஆசிரியர்களிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை உடல் இரண்டு வேலைகளுக்குச் சக்தி கேட்கிறது. ஒன்று வளர்வதற்கு, மற்றது அன்றாட இயக்கத்துக்கு. இதன் மேல் பயிற்சி என்ற மூன்றாவது வேலையையும் ஏற்றினால், பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரு வளர்ந்த ஆணுக்குச் சமமாக, சில வேளை அதைவிடக் கூடவே, உணவு வேண்டும். அது கிடைக்காதபோது உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. பெருக்க வேண்டிய தசை பெருக்காது. வலுக்க வேண்டிய எலும்பு வலுக்காது. காய்ச்சலும் தடிமனும் விட்டு விட்டு வரும். சிறுமிகளுக்கு மாதவிடாய் தப்பும். உண்ணும் அளவுக்கும் உழைக்கும் அளவுக்கும் இடையிலான இந்தப் பற்றாக்குறைக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் தனியாக ஒரு பெயரே சூட்டி எச்சரித்தது. வெளியே பார்த்தால் பிள்ளை மெலிந்து துடியாக இருப்பதாகத் தெரியும். “ஓட்டக்காரனுக்கு ஏற்ற உடம்பு” என்று நாமும் புகழ்ந்துவிட்டுப் போவோம்.

இங்கேதான் அரசின் கணக்கில் உள்ள ஓர் ஓட்டையைச் சொல்ல வேண்டும். பாடசாலைப் போசாக்கு உணவுத் திட்டம் 2024 மார்ச்சில் எல்லா அரச பாடசாலைகளினதும் ஆரம்பப் பிரிவுக்கு விரிவாக்கப்பட்டது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவாக அது தரம் ஐந்தோடு நின்றுவிடுகிறது. பத்து வயதில் உணவு நிற்கிறது. பன்னிரண்டு, பதினான்கு வயதுகளில் வளர்ச்சி பாய்கிறது; பயிற்சி கடுமையாகிறது; போட்டிகள் தொடங்குகின்றன. எந்த வயதில் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமோ அந்த வயதில் தட்டை எடுத்துவிடுகிறோம். அறுபதுகளில் நான் பாடசாலை போன காலத்தில் ஒரு பணிஸும் கரைத்த பால்மாவும் தந்தார்கள். அந்தப் பால்மாவின் வாடையை இன்றும் நினைத்தால் முகம் சுளிக்கும். ஆனாலும் குடித்தோம்.

2022 நெருக்கடியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இரட்டித்தது. அப்போது வீடுகளில் முதலில் குறைந்தவை மீனும் முட்டையும் பால்மாவும். கடைசிவரை நின்றது சோறு. அன்று பத்து, பதினொரு வயதாக இருந்த பிள்ளைகள்தாம் இன்று 14, 16 வயதுப் பிரிவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பல வீடுகளில் மீன்துண்டு வாப்பாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் போய், உம்மாவுக்கும் மகளுக்கும் ஆணமே எஞ்சுகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையான ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமென்றால், பெண்பிள்ளைக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்க நியமம். மாதந்தோறும் குருதி இழக்கும் உடல் அது. குருதிச்சோகை உள்ள சிறுமி எவ்வளவு பயிற்சி செய்தாலும் தசைக்குப் போகும் ஒட்சிசன் குறைவுதான். அவளைச் சோம்பேறி என்று திட்டுகின்ற பயிற்றுவிப்பாளர்களை நான் கண்டிருக்கிறேன். குருதிப் பரிசோதனைக்கு அனுப்பியவரைக் கண்டது மிகக் குறைவு.

இதில் நமது பிளேன்டீக்கும் ஒரு பங்குண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாமற் தடுக்கிறது. கீரையும் பருப்பும் தின்றுவிட்டு உடனே சாயம் குடித்தால் தின்றதில் பெரும் பயன் வீண். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் அந்தக் கேடு வெகுவாகக் குறையும். கீரையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் உறிஞ்சல் கூடும். காசு செலவில்லாத வைத்தியம் இது. தேயிலை விளையும் நாட்டில் தேநீருக்கு எதிராக எழுதுகிறேன் என்று எவரும் வழக்குப் போட வேண்டாம். நானும் நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவன்.

ஆனால் எனக்கு விளங்காத விடயம் ஒன்றுண்டு. விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஈரமணலில் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். பத்துப் பாகம் தள்ளிக் கரைவலை ஏறுகிறது. கீரியும் சாளையும் நெத்தலியும் துள்ளுகின்றன. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது கிராம் புரதம் இருக்கிறது. ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு பையனுக்கு, பயிற்சிக் காலத்தில், நாளொன்றுக்கு அறுபது முதல் எண்பது கிராம் போதும். முள்ளோடு தின்னும் நெத்தலி எலும்புக்கு வேண்டிய கல்சியத்தையும் தருகிறது. முருங்கை வேலியில் நிற்கிறது. எருமைத் தயிர் சட்டி சட்டியாகத் தெருவோரத்தில் விற்கிறது. சம்மாந்துறை வயலில் நெல் விளைகிறது. பயறும் கௌபியும் கடையில் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஓடிக் களைத்த பிள்ளை கடைக்குப் போய் ஒரு பணிஸும், நிறமூட்டிய சோடாவும் வாங்குகிறது. நல்ல மீன் லொறியேறிக் கொழும்புக்குப் போகிறது. மீன்காரனின் வீட்டில் பாணும் சம்பலும்.

உலகத்தை வென்ற கென்ய ஓட்டக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், அவர்களது தட்டில் அதிசயம் எதையும் காணவில்லை. சோள மாவில் கிண்டிய உகாலி என்ற களி, கீரை, அவரை, கொஞ்சம் இறைச்சி, பால் விட்ட தேநீர். எல்லாம் ஊர்ச் சாப்பாடு. பயிற்சி முடிந்து சிறிது நேரத்திலேயே வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள் என்பதுதான் குறிப்பிடத்தக்க விடயம்.

நோன்பைப் பற்றி எழுதாமல் இக்கரையின் விளையாட்டைப் பற்றி எழுத முடியாது. கடந்த சில ஆண்டுகளாக ரமழான் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. இல்ல விளையாட்டுப் போட்டிகளின் பருவமும் அதுதான். நோன்பு பிடித்தால் விளையாட முடியாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நோன்பு காலத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை என்று மறுசாரார் அடம்பிடிக்கிறார்கள். இரண்டுமே பிழை. ஹகீம் ஒலஜுவான் 1995 பெப்ரவரியில் நோன்போடு அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். ஆனால் அவர் ஸஹரைத் தவறவிட்டு, இப்தாரில் எண்ணெய்ப் பலகாரம் தின்று ஆடியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நம் பிள்ளைகளோ இரவிரவாக விழித்திருந்து, ஸஹருக்கு எழும்பப் பஞ்சிப்பட்டு ஒரு மிடறு தண்ணீரோடு நிய்யத் வைத்துக்கொள்கிறார்கள். நோன்பு திறக்கையில் சமூசாவும் கட்லட்டும் ரோல்ஸும். கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதோ நோன்புக் கஞ்சி! அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், இறைச்சி எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சியையும் இரண்டு பேரீச்சம்பழத்தையும் விட, உழைத்த உடலுக்கு ஏற்ற ஆகாரத்தை எந்தக் கம்பனியும் டப்பாவில் அடைத்துத் தந்துவிடாது. பயிற்சியை அஸருக்குப் பின் இலேசாகவோ, தராவீஹுக்குப் பின்னரோ வைத்துக்கொண்டு, இரவில் தண்ணீரைத் தவணை முறையில் குடிக்கப் பழக்கினால் பெரிய வீழ்ச்சி வராது. நண்பகல் வெயிலில் நோன்பாளிப் பிள்ளையை 1500 மீற்றர் ஓடவிடும் அட்டவணையைப் போடுகிறவர்களைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

டப்பா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உடற்பயிற்சிக் கூடங்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. பதினாறு வயதுப் பையன்கள் புரத மாவு டப்பாக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுப் பொருட்களைச் சோதித்தது. அவற்றில் 94 இல், வெளியே குறிப்பிடப்படாத ஹோர்மோன் கலப்பு இருந்தது. ஏழில் ஒன்று! ஊக்கமருந்துச் சட்டத்தில் “எனக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது. உடலில் இருந்தால் பிள்ளைதான் பொறுப்பு. ஒரு டப்பாவின் பணத்தில் அவன் வீட்டுக்கே பல வாரங்களுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லித் தொடங்கினேன். அண்மையில் அவ்வழியாகப் போனபோது அங்குள்ள பயிற்றுவிப்பாளர் ஒருவரைச் சந்தித்தேன். பையன் சாதாரண தரத்தோடு ஓடுவதை நிறுத்திவிட்டான் என்றார். இப்போது வேறு இருபது பிள்ளைகள் வருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அவர் தம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் அவித்த கடலையும், முடிந்த நாட்களில் ஆளுக்கொரு முட்டையும் கொண்டுவந்து கொடுக்கிறார். மனைவி விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து அவிக்கிறாராம்.

“எவ்வளவு செலவாகுது சேர்?” என்று கேட்டேன்.

“கணக்குப் பாக்கிறல்ல சேர். பாத்தா நிப்பாட்டிருவன்” என்று சிரித்தார்.

லண்டனிலும் டோஹாவிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணங்களும் ரீசேட்டுகளும் அனுப்புகிறீர்கள். அதிபரின் அலுமாரியில் அக்கிண்ணங்கள் அடுக்கடுக்காகத் தூசு படிந்து நிற்கின்றன, நானே பார்த்தேன். இவ்வருடம் பணம் அனுப்பும்போது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர், பயிற்சி முடிந்ததும் அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று அதிபரிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் தெரியப்படுத்துங்கள்; இம்முறை அதைச் செய்தியாகப் போடுகிறேன்.